கிரெயின் கணக்கு

தோட்டத்தில் கிரெயின் நிறுக்கும் தராசு
என்னிடம் மட்டும்தான் இருந்தது.
தொழிற்சாலைத் தராசுக்கு
இறாத்தலுக்குக் கீழே கண் தெரியாது.
ஆகவே சின்னத்துரை வந்தார்,
ஆஸ்பத்திரியின் பின்வாசலால்,
மழைக்கோட்டுக்குள் மூன்று தகரங்களோடு.

கொடித்துவக்கு என்பது அவர் வீட்டுப் பெயர்.
பெயரிலேயே துவக்கு இருந்தும்
ஒரு தோட்டா நிரப்பத் தெரியாத மனுசன்.
"மஹத்தயா, கொஞ்சம் மருந்து வேணும்" என்றார்.
எந்த மருந்து என்று விளங்க
எனக்கு ஒரு நிமிசம் பிடித்தது.

எழுபத்தாறு, ஐப்பசி.
ஹப்புத்தளைக்கு மேலே மழை விட்டு மழை.
வெள்ளைக்காரன் விட்டுப்போன ஹோர்னெட் துவக்கு,
ஏற்கனவே ஒருமுறை வெடித்த
பித்தளைக் கோதுகள் பதினொன்று,
சுண்டுவிரலிலும் மெலிசு.
புதுத் தோட்டா கொழும்பிலும் இல்லை.
கீழ்ப்பிரிவுக் கிழங்குப் பாத்தியை
இரவுக்கிரவு பன்றி உழுதுகொண்டிருந்தது,
கொந்தரப்புக் காசு கேட்காமல்.

முதல் தகரத்தில் குச்சி குச்சியாய்,
நறுக்கிய பென்சில் கரி போல.
பெரிய துவக்குக்கானது, ஆறுதலாக எரியும்.
இந்தச் சின்னக் கோதுக்குள் அது சூடேறுவதற்குள்
குண்டு குழலை விட்டே போயிருக்கும்.
சம்பளம் போட்ட பிறகு
வந்து சேரும் அட்வான்ஸ் மாதிரி.

இரண்டாவதற்குப் பெயரில்லை.
கடதாசியை வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது.
மினுங்கும் மெல்லிய தகடுகள்.
முற்றத்தில் ஒரு சிட்டிகை பற்றவைத்து
"இதுதான் நல்லா பிடிக்குது" என்று
பொடியன் போலச் சிரித்தார்.
நான் மூடியைத் திருகினேன்.
லேபல் இல்லாத போத்தலிலிருந்து
பத்தொன்பது வருசத்தில் ஒருவருக்கும்
ஒரு சொட்டு ஊற்றியதில்லை.

மூன்றாவது, கடுகிலும் சிறிய உருண்டைகள்.
எழுத்து மங்கியிருந்தது, ஆனால் இருந்தது.
மூக்கருகே பிடித்தேன்.
கெட்டது புளிக்கும், துருப்போலத் தூசி விடும்.
இதில் ஈதர் வாசம்,
பதுளை ஆஸ்பத்திரியில் தியேட்டர்க் கதவு
திறந்து மூடினாற்போல.
நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் குளிசையின் சரக்கு
இதற்குள்ளும் கொஞ்சம் உண்டு என்று
துரையிடம் சொல்லவில்லை.
சொன்னால் நம்பிக்கை போய்விடும்,
குளிசையில்.

"பன்றி பெரிசு. கூட்டிப் போடுங்க."
நோய் பெரிசு என்று
பிள்ளைக்கு அளவைக் கூட்டுவதில்லை, சேர்.
பிள்ளையின் எடைதான் கணக்கு.
அவர் கோதைப் பார்த்தார்.
கையில் தூக்கி உண்மையாகவே எடை பார்த்தார்.

தட்டை மூன்றுதரம் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன்.
அன்று காலை அதில்தான்
ரெங்கநாயகியின் கைக்குழந்தைக்குச்
சல்பா நிறுத்திருந்தேன்.
இப்போதும் முள் நடுங்கி
அதே கோட்டில் நின்றது.
அது வெட்கப்படும் என்று
எதையோ எதிர்பார்த்திருந்தேன் போல.

மூன்றாம் இரவு, பனிமூட்டத்துக்குள் ஒரு வெடி.
இரண்டாவதுக்காகக் காது விழித்திருந்தது.
வரவில்லை.
பன்றி விழுந்ததா, குழல் பிளந்ததா?
கொடுத்தனுப்பிய மருந்து என்ன செய்தது என்பது
விடிந்தால்தான் தெரியும்,
முப்பது ரூபாய்ச் சம்பளக்காரனாய் வந்த நாளிலிருந்து
இப்படித்தான்.

ஏழு மணிக்கு லயத்திலிருந்து வரிசை.
எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் வயிறு.
மாசக்கணக்காய் மரவள்ளியும் வெறுந்தேத்தண்ணியும்
கண்ட குடலில் ஒரே இரவில் கொழுப்பு.
காரணம் ஒருவரும் சொல்லவில்லை.
கம்பளிகளில் மிளகும் புகையும் மணந்தன.
சடையன் கங்காணி ஏப்பத்தை விழுங்கிக்கொண்டு
"ஐயா, மருந்து" என்றான்.

சோடா உப்பு, ஆளுக்குப் பத்துக் கிரெயின்.
தட்டின் விளிம்பில் ஒரு கரிய உருண்டை
இன்னும் ஒட்டியிருந்தது.
நகத்தால் எடுத்து யன்னலுக்கு வெளியே சுண்டினேன்.

எட்டுப் பொட்டலம் மடித்து முடித்தபோது
பின்வாசலில் மழைக்கோட்டு.
ஒன்பது.